செல்லுக்கு வெளியே என்ன இருக்கிறது? திசுக்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

ஒரு மரத்தில் உங்கள் தோள் உயரத்துக்கு ஓர் ஆணி அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மரம் இப்போது 5 மீட்டர் உயரம். 20 வருடம் கழித்து வந்து பார்க்கிறீர்கள், மரம் 15 மீட்டருக்கு வளர்ந்து நிற்கிறது. ஆணி எங்கே இருக்கும்? மரத்தோடு சேர்ந்து அதுவும் மேலே போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது அடித்த அதே உயரத்தில்தான் இருக்கும். இதையே ஒரு குழந்தையிடம் யோசித்துப் பாருங்கள். முழங்காலில் இருக்கும் மச்சம், குழந்தை வளர வளர தரையிலிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. மச்சம் போகிறது, ஆணி போகவில்லை. மரமும் குழந்தையும் உயிருள்ளவை, இரண்டும் செல்களால் ஆனவை, இரண்டும் வளர்கின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இதற்குப் பதில் திசுவில் இருக்கிறது. ஒரே மாதிரி இருந்து, ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் செல்களின் கூட்டம்தான் திசு. பாடப்புத்தகத்தில் இந்த வரையறைக்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு பெரிய கிளைப்படம் வந்துவிடும்: தாவரத் திசு, விலங்குத் திசு, அதற்குக் கீழே இத்தனை வகை, அதற்கும் கீழே இத்தனை. நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன். பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறுவாரமே எது எது என்று குழம்பினேன். பல வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எந்தத் திசுவைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதிப் பாடம் தானாக விளங்கிவிடும். செல்லுக்கு வெளியே, இந்தச் செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில், என்ன இருக்கிறது? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். திசு என்று நாம் சொல்லும் சொல்லுக்கு மூலம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது, அங்கே அதற்கு நெய்த துணி என்று பொருள். உடலுக்குள் இருப்பதற்கு ஏன் துணியின் பெயர்? 17ஆம் நூற்றாண்டில் நெகமியா க்ரூ என்ற ஆங்கில மருத்துவர் தாவரத் தண்டுகளை அறுத்து அறுத்துப் பார்த்தவர். அவருக்குத் தாவரத்தின் உள்கட்டமைப்பு, பெண்கள் மெத்தையில் ஊசி குத்தி நுணுக்கமாகப் பின்னும் லேஸ் போலத் தெரிந்தது. அதன்பிறகு பிரான்சில் சேவியர் பிஷா என்ற இளம் மருத்துவர் வந்தார். அவர் நுண்ணோக்கியை நம்பவில்லை, அன்றைய லென்ஸ்கள் அவ்வளவு மோசம். இறந்த உடல்களை அறுத்து, உலர்த்தி, கொதிக்கவைத்து, அமிலத்தில் ஊறவைத்து, எந்தப் பகுதி எப்படி மாறுகிறது என்று பார்த்தே, மனித உடல் 21 வகைத் திசுக்களால் ஆனது என்று 1801இல் எழுதினார். வயிறு ஒரு பொருள், இதயம் இன்னொரு பொருள் என்பதல்ல, ஒரே சில வகைத் துணிகளை வேறு வேறு விதமாகச் சேர்த்துத் தைத்தவைதான் எல்லா உறுப்புகளும் என்பது அவர் கண்டது. அடுத்த வருடமே, 30 வயதில், இறந்துபோனார். அந்த 21 வகைகளை இன்று விலங்குகளில் 4 பெருவகைகளாகச் சுருக்கிவிட்டோம், ஆனால் அடிப்படை எண்ணம் அவருடையதுதான்.

சரி, தாவரத்துக்கு வருவோம்.

சுவருக்குள் பிறந்த செல்

ஒரு வெங்காயத்தை எடுத்து, உள்ளிருக்கும் சதைப்பற்றான ஒரு செதிலின் உட்குழிந்த பக்கத்தை நகத்தால் லேசாகக் கீறினால், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய தோல் உரிந்து வரும். அதை ஒரு சொட்டு நீரில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஒரு துளி அயோடின் விட்டு நுண்ணோக்கியில் வையுங்கள். முதல் முறை பார்க்கும்போது யாருக்கும் மூச்சு ஒரு நொடி நிற்கும். செங்கல் சுவர் போல நீள நீளமான அறைகள், ஒன்றோடொன்று இடுக்கே இல்லாமல் ஒட்டி, வரிசை வரிசையாக. ஒவ்வொரு அறையிலும் பழுப்பாக ஒரு புள்ளி, அது உட்கரு. பெரும்பாலும் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும், ஏனென்றால் அறையின் நடுவை முழுக்க நீர் நிறைந்த ஒரு பெரிய பை அடைத்துக்கொண்டிருக்கிறது. இது புறத்தோல் திசு. வெங்காயத்தின் உள்ளே வெளிச்சம் படாததால் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் இங்கே கிடையாது.

இப்போது அந்த அறைகளைப் பிரிக்கும் கோடுகளைக் கவனியுங்கள். அவைதான் செல் சுவர்கள். தாவரச் செல்லின் சவ்வுக்கு வெளியே, செல்லுலோஸால் ஆன ஒரு விறைப்பான பெட்டி இருக்கிறது. பக்கத்துச் செல்லின் பெட்டியும் இந்தப் பெட்டியும் பெக்டின் என்ற பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டிய பெட்டி நகராது. ஒரு தாவரச் செல் தான் பிறந்த இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகவே முடியாது. தாவரத்தின் மற்ற எல்லா ஏற்பாடுகளுக்கும் இந்த ஒரு உண்மைதான் வேர் என்று நான் நினைக்கிறேன்.

ஆணிக் கேள்விக்கும் இதுதான் பதில். சுவர் கெட்டியாகிவிட்ட பிறகு செல் நீள முடியாது, பெரும்பாலும் பிரியவும் பிரியாது. அதனால் தாவரம் வளர்ச்சியைச் சில இடங்களில் மட்டும் வைத்துக்கொள்கிறது. மெல்லிய சுவர், அடர்ந்த சைட்டோபிளாசம் (செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழ்), பெரிய உட்கரு, ஓயாமல் பிரியும் தன்மை, இப்படிப்பட்ட செல்கள் இருக்கும் அந்த இடங்கள்தான் ஆக்குத்திசு. தண்டு நுனியிலும் வேர் நுனியிலும் இருப்பது நுனி ஆக்குத்திசு, அதுதான் மரத்தை உயரமாக்குகிறது. நுனியில் புதிய செல்கள் பிறந்து, அதற்குச் சற்றுக் கீழே அவை நீண்டு, பிறகு கெட்டியாகி நின்றுவிடுகின்றன. தோள் உயரத்தில் இருக்கும் தண்டு எப்போதோ கெட்டியாகிவிட்ட பகுதி, அதனால் ஆணி அங்கேயே நிற்கிறது. குழந்தையின் காலில் எலும்பு இரண்டு முனைகளுக்கு அருகிலும் நீள்கிறது, தோலும் தசையும் நெடுக வளர்கின்றன, அதனால் மச்சம் ஏறுகிறது.

புல்லை வெட்டினால் ஏன் மறுபடி வளர்கிறது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. புல் இலையின் வளரும் பகுதி நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. அதற்கு இடை ஆக்குத்திசு என்று பெயர். மேய்ந்துகொண்டே இருக்கும் விலங்குகளோடு வாழ்ந்து பழகிய தாவரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. மூன்றாவது வகையான பக்க ஆக்குத்திசு, அதாவது கேம்பியம், தண்டைப் பருக்க வைக்கிறது. அதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

மூன்று கைமாக்கள்

ஆக்குத்திசுவில் பிறந்த செல்கள் ஒரு வேலைக்கென்று மாறி நிலைத்துவிட்டால் அது நிலைத்திசு. இங்கேதான் அந்த மூன்று கைமாக்கள் வருகின்றன. நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: செல்லுக்கு வெளியே என்ன?

பாரன்கைமாவில் சுவர் எல்லாப் பக்கமும் மெலிது. செல்கள் ஓரளவு உருண்டை, நடுவே காற்று இடைவெளிகள். உருளைக்கிழங்கின் மாவுப்பகுதி, இலையின் நடுப்பகுதி, பழத்தின் சதை எல்லாம் பெரும்பாலும் இதுதான். சேமிப்பது, ஒளிச்சேர்க்கை செய்வது என்று தாவரத்தின் அன்றாட வேலைகள் இங்கே நடக்கின்றன. இலைக்குள் அந்தக் காற்று இடைவெளி இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே இருக்கும் செல்களுக்குப் போய்ச் சேரவே சேராது, ஆக இடைவெளியும் இங்கே ஒரு உறுப்பு மாதிரிதான். நீர் நிறைந்து செல்கள் உப்பியிருக்கும்வரை இளம் செடி நிமிர்ந்து நிற்கும், நீர் குறைந்தால் துவண்டுவிடும். பழைய சைக்கிள் ட்யூபில் காற்று இருப்பதற்கும் இறங்குவதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

கோலன்கைமாவில் சுவர் மூலைகளில் மட்டும் தடித்திருக்கும். ஏன் மூலைகளில் மட்டும் என்பது நல்ல கேள்வி. இந்தத் திசு இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும் இளம் தண்டிலும் இலைக்காம்பிலும். அங்கே தாங்கவும் வேண்டும், நீளவும் வேண்டும். முழுச்சுவரும் தடித்துவிட்டால் நீள முடியாது, தடிக்காவிட்டால் காற்றில் ஒடிந்துவிடும். மூலைகளில் தடித்துக்கொண்டால் இரண்டும் முடியும். செல் உயிரோடுதான் இருக்கிறது. இலைக்காம்பை வளைத்துப் பாருங்கள், ஒடியாமல் வளைந்து திரும்பி வருகிறதே, அதில் பெரும்பங்கு இதனுடையது.

ஸ்கிளிரன்கைமாவில் சுவர் எல்லாப் பக்கமும் தடித்து, லிக்னின் என்ற பொருள் ஏறி மரத்துப்போயிருக்கும். சுவரைக் கட்டி முடித்ததும் உள்ளே இருந்த செல் பெரும்பாலும் இறந்துவிடும். வேலை செய்வது அது விட்டுச்சென்ற பெட்டிதான். பேரிக்காயைக் கடிக்கும்போது பல்லில் மணல் மாதிரி நறநறவென்று படுகிறதே, அது கல் செல்கள் என்ற ஸ்கிளிரன்கைமா. சணல், லினன் இழைகளும் தண்டிலிருந்து உரித்த ஸ்கிளிரன்கைமாதான், ஆக லினன் சட்டை போட்டிருப்பவர் ஒரு தாவரத் திசுவைத்தான் போட்டிருக்கிறார். பருத்தியும் அப்படித்தானே என்று கேட்டுவிடாதீர்கள். பருத்தி இழை விதையின் புறத்தோலில் முளைக்கும் முடி, ஒவ்வோர் இழையும் ஒற்றைச் செல், அந்த ஒரு செல்லே சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும்.

மெலிது, மூலையில் தடிப்பு, முழுக்கத் தடிப்பு. மூன்று பெயர்களையும் இனி மறக்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஏறும் வழி, சர்க்கரை இறங்கும் வழி

இதுவரை பார்த்தவை ஒரே வகைச் செல்லால் ஆன எளிய திசுக்கள். பல வகைச் செல்கள் கலந்து ஒரு வேலையைச் செய்தால் அது கூட்டுத்திசு. தாவரத்தில் அப்படி இரண்டு, சைலமும் ஃபுளோயமும். இந்தப் பெயர்களை 1858இல் வைத்தவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி.

சைலம் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகிறது. அதன் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுத்தடுப்புகள் கரைந்து, உள்ளிருந்த எல்லாம் காலியாகி, வெறும் குழாயாகிவிடுகின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. தன் உயிரைக் காலி செய்துதான் அந்தச் செல் தன் வேலையைத் தொடங்குகிறது. நீரை மேலே தள்ள எந்த பம்பும் இல்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் சங்கிலி மொத்தமாக மேலே இழுக்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் கடலோரத்தில் 115 மீட்டருக்கும் மேல் உயரமான ரெட்வுட் மரம் நிற்கிறது, அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் இப்படித்தான் போகிறது. மெல்லிய உறிஞ்சுகுழலைப் பலமாக உறிஞ்சினால் அது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அது சைலத்தில் நடக்காமல் பார்த்துக்கொள்வது சுவரில் வளையம் வளையமாகவும் சுருள் சுருளாகவும் ஏறியிருக்கும் லிக்னின். மறுபடியும் பாருங்கள், செல்லுக்கு வெளியே இருப்பதுதான் வேலையைச் செய்கிறது.

ஃபுளோயம் இலையில் தயாரான சர்க்கரையைத் தேவைப்படும் இடங்களுக்குக் கொண்டுபோகிறது. இதன் சல்லடைக் குழாய்ச் செல்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் உட்கரு கிடையாது. வழியில் தடங்கல் இருக்கக்கூடாது என்பதற்காக உட்கருவையும் கழித்துவிட்டன. அதனால் ஒட்டி இருக்கும் துணைச்செல் அதற்கும் சேர்த்துக் கவனித்துக்கொள்கிறது.

இந்த இரண்டு வழிகளும் தனித்தனி என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி ஒரு கத்தியால் காட்டினார். மரத்தைச் சுற்றி ஒரு வளையம் போலப் பட்டையை மட்டும் உரித்து எடுத்தார். மரம் உடனே வாடவில்லை, இலைகளுக்கு நீர் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் வளையத்துக்கு மேலே இருந்த பட்டை வீங்கியது. காரணம், ஃபுளோயம் பட்டையோடு சேர்ந்து போய்விட்டது, சைலம் உள்ளே மரக்கட்டையில் பத்திரமாக இருந்தது. மேலேயிருந்து வந்த சர்க்கரை கீழே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. இப்படி உரித்த மரத்தின் வேர் பட்டினி கிடந்து இறக்கும், பிறகுதான் மரம் சாகும், அதற்கு வருடங்கள்கூட ஆகலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் முன்பு சொன்ன கேம்பியம். உள்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் ஃபுளோயத்தையும் பிறப்பித்துக்கொண்டே இருக்கும் மிக மெல்லிய அடுக்கு. நாம் மரக்கட்டை என்று சொல்வது எல்லாம் வருடா வருடம் சேர்ந்த சைலம். நடுப்பகுதி பொந்தாகிப்போன மரம் பல வருடம் தழைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போனது வேலையை முடித்துவிட்ட பழைய சைலம்தான், நீர் ஏற்றும் புதிய சைலமும் கேம்பியமும் வெளி ஓரத்தில் இருக்கின்றன. ஒட்டுக்கட்டும்போது இரண்டு தண்டுகளின் கேம்பியமும் ஒன்றையொன்று தொடும்படி வைக்கவேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். பனை, மூங்கில் போன்றவற்றுக்கு இந்தக் கேம்பியம் இல்லை, அதனால் அவற்றை அப்படி ஒட்டுக்கட்டவும் முடியாது.

தாவரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. 1958இல் ஸ்டீவர்ட் என்ற தாவரவியலாளரின் குழு, கேரட்டின் ஃபுளோயத்திலிருந்து எடுத்த செல்களை ஊட்டக்கரைசலில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுக் கேரட் செடியையே உண்டாக்கிக் காட்டியது. நிலைத்திசு என்று பெயர் வைத்தோமே தவிர, உயிரோடு இருக்கும் தாவரச் செல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க முடியும். திசு வளர்ப்பு என்று இன்று நாம் கேள்விப்படுவது எல்லாம் இந்தத் தன்மையை நம்பித்தான் நடக்கிறது.

பெட்டி இல்லாத செல்கள்

விலங்குக்கு நகர வேண்டும். விறைப்பான பெட்டிகளை ஒட்டிச் செய்த உடலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது, இதயம் சுருங்கவும் முடியாது. அதனால் விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை, வெறும் சவ்வுதான். அப்படியானால் உடல் கூழாக வழிந்துபோகாமல் எது பிடித்து வைக்கிறது? மறுபடியும் அதே கேள்விதான்: செல்களுக்கு நடுவில் என்ன?

எபிதீலியத் திசுவில் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. செல்கள் தோளோடு தோள் ஒட்டி, ஓடு பதித்த தரை மாதிரி நெருக்கமாக நிற்கும். எல்லைகள் எல்லாம் இதன் பொறுப்பு: தோலின் மேற்பரப்பு, வாய், குடல், நுரையீரல், ரத்தக்குழாயின் உள்பக்கம். ஒரு பக்கம் எப்போதும் வெளியையோ வெற்றிடத்தையோ பார்த்திருக்கும், மறுபக்கம் ஓர் அடித்தளச் சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கும். இடைவெளியே இல்லாததால் இதற்குள் ரத்தக்குழாய்க்கும் இடமில்லை, உணவு கீழிருந்துதான் ஊறி வருகிறது. தோலில் லேசாகச் சிராய்த்து வெள்ளையாகத் தோல் மட்டும் உரிந்தால் ரத்தம் வராமல் இருப்பது இதனால்தான், கொஞ்சம் ஆழமாகப் போய்க் கீழே உள்ள இணைப்புத் திசுவைத் தொட்டால் வரும்.

இடத்துக்கு ஏற்ற வடிவம் என்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம். நுரையீரலின் காற்றுப்பைகளில் ஒரே அடுக்குத் தட்டைச் செல்கள், காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் மொத்தத் தடுப்பும் பெரும்பகுதி இடங்களில் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெலிது. சிறுகுடலில் உயரமான தூண் செல்கள், உறிஞ்சும் வேலை அதற்கு. அந்தக் குடல் உள்பரப்பு 3 முதல் 5 நாட்களுக்குள் முழுக்கப் புதிதாகிவிடுகிறது. தோலில் பல அடுக்குகள், மேலே இருப்பவை கெரட்டின் என்ற புரதம் நிறைந்து இறந்துபோனவை. மூச்சுக்குழாயில் குற்றிழைகள் என்ற நுண்ணிய முடிகள், தூசி ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓயாமல் பிரிந்துகொண்டும், வெளியிலிருந்து வரும் எல்லாவற்றின் அடியையும் முதலில் வாங்கிக்கொண்டும் இருப்பதால், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்தத் திசுவில்தான் தொடங்குகின்றன.

இணைப்புத் திசு இதற்கு நேர் எதிர். செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், நடுவில் இருக்கும் பொருள்தான் அதிகம். அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். அந்த மேட்ரிக்ஸ் திரவமாக இருந்தால் அது ரத்தம். கெட்டியான ஜெல்லாக இருந்தால் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கும் குருத்தெலும்பு. கால்சியம் பாஸ்பேட் படிந்து கல்லாக இருந்தால் எலும்பு. ரத்தத்தையும் எலும்பையும் ஒரே பிரிவில் வைக்கிறார்களே என்று குழம்பாதவர்கள் குறைவு, நடுவில் இருப்பதைப் பார்த்தால் அந்தக் குழப்பம் போய்விடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட், கொழுப்புத் திசு எல்லாம் இந்தக் குடும்பம்தான். கொழுப்புத் திசு மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும், அங்கே செல்கள் பெருத்து நடுப்பொருளைக் குறுக்கிவிடும்.

எலும்பை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுத்தம் செய்த ஒரு கோழி எலும்பை வினிகரில் மூழ்க வைத்து, சில நாள் விடுங்கள், நடுவில் வினிகரை மாற்றுங்கள். அமிலம் கால்சியம் உப்பைக் கரைத்துவிடும். எடுத்து இரண்டு விரலால் பிடித்து வளைத்தால் ரப்பர் போல வளையும். வடிவம் அப்படியே இருக்கும், விறைப்பு மட்டும் இருக்காது. மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரத இழைகள். இதையே நெருப்பில் சுட்டால் தலைகீழாக நடக்கும், கொலாஜன் எரிந்துபோய் உப்பு மட்டும் நிற்கும், தொட்டால் நொறுங்கும். உயிருள்ள எலும்பில் இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் அது உடையாமல் தாங்குகிறது, நடுவே சின்னச் சின்னக் குழிகளில் செல்கள் உயிரோடு உட்கார்ந்து அதைப் பராமரித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கொலாஜனைச் சரியாகச் செய்ய உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளுக்கு ஈறுகளில் ரத்தம் கசிந்து, பற்கள் ஆடி, என்றோ ஆறிப்போன பழைய காயங்கள்கூட மறுபடி திறந்துகொண்டன. செல்கள் இருந்தன, நடுவில் கட்டி வைக்கும் இழைதான் பலமிழந்துபோனது. ஆரஞ்சும் எலுமிச்சையும் இந்த ஸ்கர்வி நோயைக் குணப்படுத்தும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் சோதித்துக் காட்டினார்.

தசைத் திசுவில் செல்லின் உள்பக்கம்தான் முக்கியம், சுருங்கும் புரத இழைகள் அங்கே இருக்கின்றன. கை கால் தசைகளில் ஒவ்வொரு இழையும் பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான நீளமான செல், அதனால் அதில் பல உட்கருக்கள். நாம் நினைத்தால் சுருங்கும். குடல், ரத்தக்குழாய் சுவர்களில் இருக்கும் வரியற்ற தசை நம்மைக் கேட்காமல் மெதுவாக வேலை செய்யும். இதயத் தசையில்தான் நம் கேள்வி மறுபடி சுவையாகிறது. அதன் செல்கள் கிளைவிட்டு, முனையோடு முனை சேரும் இடத்தில் இடைத்தட்டுகள் என்ற இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியாக மின்துடிப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நேரே பாய்ந்துவிடும். கோடிக்கணக்கான செல்கள் ஒரே செல் போலச் சேர்ந்து சுருங்குவது அதனால்தான், ஒரு நாளைக்குச் சுமார் 1,00,000 முறை.

நரம்புத் திசுவைப் பற்றிய பெரிய சண்டையே இந்த நடு இடத்தைப் பற்றியதுதான். 1873இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பால் நரம்புச் செல்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே வலை என்றார் அவர். அதே சாயத்தை வைத்து ஸ்பெயினின் ரமோன் இ கஹால் வருடக்கணக்காகப் பார்த்து வரைந்து, இல்லை, ஒவ்வொன்றும் தனிச் செல், நடுவில் இடைவெளி இருக்கிறது என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள், அந்த மேடையில்கூட இருவரும் ஒத்துப்போகவில்லை. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது: சுமார் 20 நானோமீட்டர். கால் விரலிலிருந்து முதுகுத்தண்டுவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒரே நரம்புச் செல்லும், அடுத்த செல்லிடம் சேதி சொல்ல இந்தச் சிறு இடைவெளியை வேதிப்பொருளால்தான் கடக்க வேண்டும்.

காயம் பட்டால்

கையில் வெட்டுப்பட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரத்தம் உறைந்து அடைக்கிறது. இணைப்புத் திசுவின் செல்கள் நகர்ந்து வந்து கொலாஜனைப் பின்னுகின்றன. ஓரங்களிலிருந்து எபிதீலியச் செல்கள் ஊர்ந்து வந்து மேலே மூடுகின்றன. சுவர் இல்லாததால்தான் இந்த ஊர்தல் சாத்தியம். வெட்டு ஆழமாக இருந்தால் தழும்பு நிற்கும், அந்த இடத்தில் முடியும் முளைக்காது, வியர்வையும் வராது, அது அவசரமாக நெய்து போட்ட கொலாஜன் துணி. மாரடைப்பில் இறந்த இதயத் தசையின் இடத்திலும் இதே தழும்புதான் வரும், அது சுருங்காது.

மரத்தின் செல்கள் ஊர்ந்து வர முடியாது. அதனால் மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அடிபட்ட பகுதியைச் சுற்றி வேதிப்பொருட்களால் தடுப்புக் கட்டி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, கேம்பியம் ஓரங்களிலிருந்து புதிய கட்டையை வளர்த்து மேலே மூடுகிறது. பழைய காயம் உள்ளே அப்படியே கிடக்கும். நாம் அடித்ததாக வைத்துக்கொண்ட அந்த ஆணியும் அப்படித்தான், அதனால்தான் அடிக்க வேண்டாம் என்பேன். முதலில் தலை மட்டும் வெளியே தெரியும், பிறகு மரம் அதையும் விழுங்கிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்றோ ஒரு நாள் மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் பல் அதில் மோதி உடையும். அங்கே பார்த்தால், தோள் உயரத்தில், துருப்பிடித்த ஆணி, சுற்றிலும் இரும்பு ஊறிக் கறுத்த கட்டை, அதற்கு வெளியே வளையம் வளையமாக அதன்பிறகு வளர்ந்த சைலம். அந்த வளையங்களை எண்ணினால் ஆணி அடித்த வருடம் தெரிந்துவிடும்.